இரண்டு கதவுக் கார்

தம்பி,

இதை நீ எங்கேயாவது ஓரிடத்தில் இருந்து வாசிக்கவேண்டும். வேலைக்குப் போகிற ரயிலில் நின்றபடி விரலால் தள்ளித் தள்ளி வாசிக்கிற விஷயம் இல்லை. அதற்காகத்தான் வழக்கம்போலக் குரலைப் பதிந்து அனுப்பாமல் தாளில் எழுதித் தபாலில் போடுகிறேன். மெல்பேர்னுக்கு வந்துசேர இரண்டு மூன்று கிழமை எடுக்கும் என்று தபாற்கந்தோரில் சொன்னார்கள். அந்தக் கிழமைகளில் நீ அழைத்தால் நான் எப்போதும்போலத்தான் கதைப்பேன். அதையும் இதோடு சேர்த்துப் பொறுத்துக்கொள்.

கார் இங்கே இல்லை. எட்டு மாதமாக இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் நீ காரை ஸ்ராட் பண்ணினீர்களா என்று கேட்க, காலையில் பண்ணினேன், உடனே பிடித்துவிட்டது என்று நான் சொல்லிவந்தது முழுவதும் பொய். மாரி மழைக்குத் தரப்பாள் வாங்கி மூடினேன் என்றுகூடச் சொன்னேன். நீ என்ன நிறத் தரப்பாள் என்று கேட்டாய். நீலம் என்றேன். பிள்ளைகள் வீட்டுக் கணக்குச் செய்யாமல் வந்து சொல்லும் பொய்களை முப்பத்திரண்டு வருடம் கேட்டவள் நான். அவ்வளவு காலமும் கேட்டதை இந்த எட்டு மாதத்தில் நானே சொல்லித் தீர்த்துவிட்டேன்.

போன ஞாயிறு நீ சொன்ன கதைக்குப் பிறகு இதை இழுத்துக்கொண்டு போக முடியவில்லை. இரண்டு வருடமாகப் பார்த்து வைத்திருந்த அந்தச் சின்னக் காரை வாங்கப் போனாய். அதை இனிச் செய்யமாட்டார்களாம் என்று சொன்னார்கள். கையால் கியர் போடுகிற, பாரம் குறைந்த, ஓட்டுகிற ஆளுக்கென்றே செய்த கார்களை ஒவ்வொரு கொம்பனியும் ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டது என்றும், மிச்சம் இருப்பவை பெரும் பணக்காரர் வாங்குகிற விலையில் இருக்கின்றன என்றும், அதே இடத்தில் பேருந்துபோல உயரமான ஒன்றை உனக்குக் காட்டினார்கள் என்றும் சொன்னாய். உன் குரலில் யாரோ செத்துப்போனதுபோல ஒரு சோர்வு. பிறகு சொன்னாய்: "அம்மா, இனி உங்கட கார்தான் மிச்சம். வித்துப்போடாதேங்கோ. தையிலை வருவன். அவாவை ஏத்திக்கொண்டு வவுனியா மட்டும் ஒருக்கா ஓடவேணும்." நான் ஓம் என்றேன். நீ கட்டப்போகிற பிள்ளையும் பக்கத்தில் இருந்து சிரித்தது கேட்டது. தொலைபேசியை வைத்துவிட்டு நான் அப்படியே குசினிக்குள் நின்றேன். உலை பொங்கி வழிந்து அடுப்பு நூரும்வரைக்கும் நின்றேன்.

என்ன நடந்தது என்று சொல்வதற்கு முதல் அந்தக் கார் எனக்கு என்னவாக இருந்தது என்று சொல்லவேண்டும். உனக்குப் பாதிதான் தெரியும். சண்டை ஓய்ந்து ஏ-ஒன்பது பாதை திறந்த காலத்தில் அப்பா அதை வவுனியாவில் ஒரு டொக்டரிடம் வாங்கினார். இரண்டு கதவு யப்பான் கார். பின் கதிரையில் ஒரு ஆட்டுக்குட்டியைத்தான் வைக்கலாம் என்று அப்பாவின் அண்ணர் பகிடி பண்ணினார். குடும்பம் ஏற முடியாது, நெல் மூட்டை ஏற்ற முடியாது என்று யாரும் வாங்கவில்லை. அதனால்தான் ஒரு கமக்காரனும் ஒரு வாத்தியாரம்மாவும் அதை வாங்க முடிந்தது. உருத்திரபுரத்திலிருந்து வட்டக்கச்சிப் பள்ளிக்கூடத்துக்கு நான் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்வந்த நாட்கள் அவை. அப்பா எனக்காகத்தான் வாங்கினார். வாங்கிக்கொண்டு வந்து முற்றத்தில் விட்டுவிட்டு, "உமக்குத்தான். நான் உதுக்குள்ளை மடங்கி இருக்கமாட்டன்" என்றார். அவருக்கு ட்ரக்டர்தான் சரி.

உனக்குச் சொன்னால் விளங்கும், வேறு யாருக்கும் சொல்லி விளங்கப்படுத்த முடியாது. அதில் ஸ்ரேரிங்கைத் திருப்ப உதவி செய்கிற எதுவும் இல்லை. றோட்டில் ஒரு கல்லில் ஏறினால் அந்தக் கல் கைக்குத் தெரியும். ஈரத்தில் பின் ரயர் வழுக்கத் தொடங்கினால் கண்ணுக்கு முதல் இடுப்புக்குத் தெரியும். கியர்த் தடி நேரே பெட்டிக்குள் இறங்கியிருந்தது. சரியான நேரத்தில் போட்டால் தானாகப் போய் இருக்கும், பிழையான நேரத்தில் போட்டால் கரகரத்து என்னைப் பேசும். அந்த நாளில் இங்கே வேகத்துக்கு மன்னிப்பே இல்லை, தண்டம் கட்டவேண்டும். ஆகவே நான் ஒருநாளும் வேகமாக ஓடியது கிடையாது. வேகத்துக்கும் அந்தக் காருக்கும் சம்பந்தமில்லை. நாற்பதில் ஓடினாலும் நான் ஓட்டுகிறேன் என்று எனக்குத் தெரிந்தது. அவ்வளவுதான். சேலை கட்டின பொம்பிளை இரண்டு கதவுக் கார் ஓட்டுகிறாள் என்று வேலிக்கு வேலி கதைத்தார்கள். கதைக்கட்டும் என்று விட்டேன். என் வாழ்க்கையில் நான் துணிந்து செய்தது அது ஒன்றுதான்.

யுத்தத்துக்குள் அது தப்பினது எப்படி என்று நீ சின்னனில் திரும்பத் திரும்பக் கேட்பாய். கிளச் எரிந்து வவுனியாவில் கராஜில் விட்டிருந்தோம், திரும்பச் சண்டை தொடங்கிப் பாதை பூட்டிவிட்டது. பழுதானபடியால் தப்பியது. நல்லாக இருந்திருந்தால் நாங்களும் எல்லாரையும்போல அதில் சாமான் ஏற்றிக்கொண்டு போய்க் கடைசியில் ஏதோ ஒரு வெளியில் திறப்பைப் பூட்டில் வைத்தபடியே விட்டிருப்போம். நாங்கள் ட்ரக்டரில் போனோம். உடையார்கட்டில் அப்பாவை விட்டுவிட்டு நீயும் நானும் நடந்து போனோம். இதைப் பற்றி நாங்கள் இருவரும் கதைத்ததில்லை. இப்போதும் இவ்வளவுதான் எழுத வருகிறது.

முகாமில் இருந்து வந்த பிறகு, ஒரு காலமை உன்னையும் கூட்டிக்கொண்டு வவுனியா கராஜுக்குப் போனேன். எங்களைத் தெரியாதென்று சொல்லி அந்த மனிதர் அதை விற்றிருக்கலாம், விற்கவில்லை. சாக்குகளால் மூடி வைத்திருந்தார். எலி கதிரையைத் தின்றிருந்தது. கிளச் போட்டு, ரயர் மாற்றி, மூன்றாம் நாள் தந்தார். உனக்குப் பதின்மூன்று வயது. என் பக்கத்தில் இருந்தாய். ஓமந்தை தாண்டி, புளியங்குளம் தாண்டி, ஒரு வளைவில் நான் மூன்றாம் கியருக்குக் குறைத்துத் திருப்பினேன். கார் திரும்பியது. உனக்கு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது, நான் அதிலேயே ஓரமாக நிறுத்தி அழுதேன். அப்பாவை நினைத்து அழுகிறேன் என்று நினைத்து நீ என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாய். இல்லை தம்பி. அதற்கு முதல் ஒன்றரை வருடம் என் கையால் நான் செய்த எதுவும் நான் நினைத்தபடி நடக்கவில்லை. இரு என்றால் இருந்தேன், எழும்பு என்றால் எழும்பினேன், வரிசையில் நில் என்றால் நின்றேன், யாரைக் காப்பாற்ற என்று கை நீட்டினேனோ அவர் கிடைக்கவில்லை. அன்றைக்குத்தான் முதல் தரம் நான் ஒன்றைத் திருப்ப அது திரும்பியது. அதற்காக அழுதேன். அதற்குப் பிறகு பதினாலு பதினைந்து வருடம் நான் உயிரோடு இருந்ததில் பாதிப் பங்கு அந்தக் காருக்கு.

உன்னை இங்கிருந்து அனுப்பினதும் நான்தான். நீ கிளிநொச்சியிலேயே இருந்து, பழைய கார்களைத் திருத்தி ஓடவைக்கிற ஒரு இடம் போடப் போகிறேன் என்றபோது, "இஞ்சை ஒண்டுக்கும் எதிர்காலம் இல்லை, காருக்கும் இல்லை, உனக்கும் இல்லை" என்று நான் சொன்னதை நீ மறந்திருக்கமாட்டாய். வாகனம் இறக்குமதி நின்ற காலம். பெற்றோலுக்கு மைல் கணக்கில் வரிசை. நான் சொன்னது சரியாகத்தான் போய்விட்டது. சரியாகப் போனதற்காக நான் ஒருநாளும் சந்தோசப்படவில்லை. நீ போனாய். வீட்டில் நானும் காரும். பிறகு என் இடது முழங்கால். அந்தக் கிளச் எவ்வளவு இறுக்கம் என்று உனக்குத் தெரியும். கடைசியில் முறிகண்டிக் கோயிலடியில் காரை நிறுத்திவிட்டு இறங்க முடியாமல் இருந்தேன். கற்பூரம் விற்கிற பொம்பிளைதான் கையைப் பிடித்து இறக்கினா.

கியர் இல்லாத ஒன்றை வாங்கினால் என்ன என்று யோசித்து வவுனியாவுக்குப் போய்ப் பார்த்தேன். இதை உனக்குச் சொல்லவில்லை. இறக்குமதி திரும்பத் தொடங்கி, வரியோடு சேர்த்து யாரும் நினைத்துப் பார்க்க முடியாத விலையில் வெள்ளை வெள்ளையாக நிறுத்தி வைத்திருந்தார்கள். எல்லாம் உயரம். எல்லாம் ஒரே முகம். இரண்டு கதவு ஒன்றுகூட இல்லை. கேட்டபோது விற்கிற பொடியன் நான் ஏதோ மாட்டுக் கரத்தை கேட்டதுபோலப் பார்த்தான். உள்ளே ஏற்றி இருத்தினான். கியர்த் தடி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு குமிழ். "அம்மா, இதிலை நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை. எல்லாத்தையும் அதுவே பாத்துக்கொள்ளும்" என்றான். நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் சொன்னான். நீங்கள் ஒன்றும் செய்யத் தேவையில்லை என்று எனக்கு முன்னரும் சொல்லியிருக்கிறார்கள். நான் இறங்கி பஸ்ஸுக்கு வந்துவிட்டேன். அன்றைக்கு அந்தக் கார்களைப் பற்றி என் மனதுக்குள் எவ்வளவு கேவலமாகப் பேசினேன் என்பதை நீ ஞாபகம் வைத்துக்கொள். இதெல்லாம் ஓட்டுகிறது இல்லை, ஏறி இருக்கிறது என்று நினைத்தேன்.

விற்பது என்று முடிவெடுத்த பிறகு வந்தவர்களில் பாதிப்பேர் இரும்புக்குக் கேட்டார்கள். ஒருவர் இயந்திரத்தைக் கழற்றித் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கப் பூட்டப்போகிறேன் என்றார். பிறகு நிரோஜன் வந்தான். இருபத்தாறு வயது, உன்னைவிட இரண்டு வயது குறைவு. பால் சேர்க்கிற லொறி ஓட்டுகிறவன். எந்த ஊர் என்று கேட்டேன். உடையார்கட்டு என்றான். நான் அவனைப் பார்க்காமல் காரின் கண்ணாடியைத் துடைத்தேன். ஊர் பிடிக்கவில்லையோ என்று நினைத்தானாக்கும், தாய் தகப்பன் மலையகத்தில் இருந்து வந்தவர்கள், இப்போது அங்கே வயல் செய்கிறார்கள் என்று தானாகச் சொன்னான். சம்பளத்துக்கு ஓடுகிற லொறி அலுத்துவிட்டது, தனக்கென்று ஒன்றை ஓடவேண்டும் என்றான். வாய்க்கால் றோட்டால் ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் இருந்தேன். பாலத்தடி வளைவுக்கு முதல், காலால் பெற்றோலை ஒரு சொட்டுக் கொடுத்துச் சத்தமே இல்லாமல் கியரைக் குறைத்தான். உன்னைத் தவிர வேறு யாரும் அந்த இடத்தில் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. இவனுக்குத்தான் என்று அதிலேயே முடிவெடுத்தேன்.

அவனுக்கு நான் எல்லாம் சொன்னேன், தம்பி. குளிருக்குச் சோக்கை எவ்வளவு இழுக்கவேண்டும், பெற்றோல் முள் கால்வாசியில் நின்றால் வெறுமை என்று அர்த்தம், இரண்டாம் கியர் சூடாகும்வரை அடம்பிடிக்கும், இடது கண்ணாடி துடைப்பான் நடுவில் நிற்கும். ஒரு தாளில்கூட எழுதிக் கொடுத்தேன். பதினொரு விஷயம். ஓட்டுகிற கதிரையின் பெல்ற்றைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

உனக்கு அந்தப் பெல்ற் தெரியும். ஒருதரம் குத்தினால் பூட்டினதுபோலச் சத்தம் வரும், ஆனால் பூட்டாது. எடுத்து இன்னொருதரம் அமர்த்திக் குத்தவேண்டும். என் கையும் உன் கையும் யோசிக்காமலே இரண்டு தரம் குத்தும். வருடக்கணக்காகக் குத்திக் குத்தி அது ஒரு பழுது என்பதே என் புத்தியில் இல்லாமல் போய்விட்டது. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் பதினொரு விஷயத்தை யோசித்து யோசித்து எழுதினவளுக்குப் பன்னிரண்டாவது ஏன் வரவில்லை? அவன் வாங்காமல் விட்டுவிடுவானோ என்று உள்ளுக்குள் எங்கேயோ பயந்தேனோ? எனக்குள்ளே தேடிப் பார்த்துவிட்டேன். ஓம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

வாங்கி ஐந்தாம் கிழமை. பின்னேரம், வெளிச்சம் இருக்கத்தக்கதாக, தருமபுரம் தாண்டி விசுவமடுவுக்கு முதல் மாடுகள் றோட்டுக்கு ஏறியிருக்கின்றன. நிரோஜன் காரை வெட்டித் திருப்பியிருக்கிறான். மாட்டுக்கு ஒன்றுமில்லை. கார் மதகுக் கட்டில் அடித்திருக்கிறது. அவன் கண்ணாடியால் வெளியே போய் விழுந்திருக்கிறான். ஊர் முழுக்க ரேஸ் கார், ரேஸ் ஓடித்தான் விழுந்தான் என்று கதை. நான் பொலிஸில் நிறுத்தி வைத்திருந்த காரைப் போய்ப் பார்த்தேன். கியர்த் தடி மூன்றில் நின்றது. மூன்றாம் கியரில் அந்தக் கார் என்ன வேகம் போகும் என்று எனக்குத் தெரியாதா? அவன் அளவாகத்தான் வந்திருக்கிறான். மாட்டைக் கண்டு முறைப்படி குறைத்திருக்கிறான். எல்லாம் சரியாகச் செய்திருக்கிறான். பிறகு நான் மற்றப் பக்கத்தால் குனிந்து பெல்ற்றைப் பார்த்தேன். அறவும் இல்லை, கிழியவும் இல்லை. முழுசாக, வெளியே இழுபட்டபடி தொங்கிக்கொண்டிருந்தது.

மூன்று மாதம் ஆஸ்பத்திரிகளில் கிடந்தான். முள்ளந்தண்டு. இடுப்புக்குக் கீழே இனி இல்லை என்று சொல்லி வீட்டுக்கு விட்டார்கள். நீ இப்போது கேட்கலாம், இன்றைக்கு விற்கிற புதுக் கார்களில் ஏதாவது ஒன்றில் அவன் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று. மாட்டை அது தானாகக் கண்டிருக்கும். தானாகப் பிரேக் பிடித்திருக்கும். காற்றுப் பை வந்து நெஞ்சில் அடித்திருக்கும், இரண்டு விலா முறிந்திருக்கும், அடுத்த மாதம் லொறி ஓடியிருப்பான். பாரம் குறைந்தது, எளிமையானது, நடுவில் ஒன்றும் இல்லாமல் றோட்டைக் கைக்குக் கொண்டுவருவது என்று நான் இருபது வருடம் கொண்டாடினேனே, நடுவில் ஒன்றும் இல்லை என்றால் காப்பாற்றவும் ஒன்றும் இல்லை. அந்தக் கார்களைச் செய்கிறவர்கள் ஏன் நிறுத்திவிட்டார்கள் என்று நீ என்னிடம் கேட்டாய். விலை, வரி, சட்டம், ஆட்கள் உயரமானதை விரும்புகிறார்கள் என்று நீயே பதிலும் சொன்னாய். எல்லாம் சரி. ஆனால் இதுவும் ஒரு பதில். இதற்கு எதிராகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அந்தக் கார் எனக்கு உயிரைத் தந்தது என்பதும் பொய்யில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அவன் வீட்டுக்கு வந்த பிறகு நான் வியாழனுக்கு வியாழன் முல்லைத்தீவு பஸ்ஸில் உடையார்கட்டுக்குப் போகிறேன். பதினாறு வருடமாக அந்த ஊர்ப் பெயர்ப் பலகையைக்கூடப் பார்க்காமல் இருந்தவள், இப்போது கிழமைக்கு ஒருதரம் அதிலே இறங்குகிறேன். அப்பா விழுந்த இடம் எது என்று தேடவில்லை. தேடினாலும் தெரியாது, எல்லா இடமும் காடு வளர்ந்துவிட்டது. நிரோஜன் வெளி விறாந்தையில் கட்டிலில் கிடப்பான். கார் கதைதான் கதைப்பான். அந்த ஐந்து கிழமையும் எந்த எந்த றோட்டால் ஓடினான் என்று சொல்லுவான். கேட்டுக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு கிழமையும் சொல்லிவிடவேண்டும் என்று போய், தேத்தண்ணீர் குடித்துவிட்டுச் சொல்லாமல் வருவேன்.

மூன்று கிழமைக்கு முன்னம் சொன்னேன். பூட்டினது மாதிரிச் சத்தம் வரும், பூட்டாது, எனக்குத் தெரியும், உனக்குச் சொல்லவில்லை என்று சொன்னேன். அவன் மேலே கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். பிறகு சொன்னான்:

"ரீச்சர், அண்டைக்கு நான் பெல்ற் போடேல்லை. போட்டிருந்தால்தானே பூட்டுறதும் பூட்டாததும். நீங்கள் இதை மனசிலை வைச்சிருக்காதேங்கோ."

எனக்கு அந்த நேரம் உடம்பில் இருந்து ஏதோ இறங்கினதுபோல இருந்தது. இறங்கியது என்பதற்காக வெட்கமாகவும் இருந்தது. எழும்பி வெளிக்கிட்டேன். தாய் என்னோடு றோட்டுவரை வந்தா. தங்கமான மனுசி. என்னைக் கும்பிடாத குறையாக நடத்துகிறா, காரை விலை குறைத்துக் கொடுத்தேனாம். பஸ்ஸுக்கு நிற்கும்போது சும்மா கதைபோலச் சொன்னா:

"பெல்ட்டு போடாம ஒரு நாளும் வண்டிய எடுக்க மாட்டான் டீச்சர். அன்னைக்கும் வாசல்ல நின்னு நான் பாத்தேன், போட்டுக்கிட்டுத்தான் போனான். அப்புடி இருந்தும் இப்புடி ஆயிருச்சே."

பஸ் வந்தது. நான் ஏறினேன்.

தம்பி, நீ கலியாணம் செய்யப் போகிறாய். தாய் என்ற முறையில் நான் புத்தி சொல்லவேண்டிய நேரம். என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. ஒன்றோடு நெடுங்காலம் இருந்தால் அதன் பழுதுக்கு எங்கள் கை பழகிவிடுகிறது. பழகின பிறகு அது பழுது என்றே தெரியாது. நீயும் நானும் அப்பாவைப் பற்றிக் கதைக்காமல் இருக்கப் பழகிவிட்டோம். எங்களுக்கு அது ஒரு குறையாகவே தெரிவதில்லை. அந்தப் பிள்ளைக்கு இது தெரியாது. உன்னோடு பேச வந்து, நீ பதில் சொன்னதுபோல ஒரு சத்தம் கேட்டு, பூட்டியிருக்கிறது என்று நம்பி இருந்துவிடும். முதலே சொல்லிவிடு. எங்கள் வீட்டில் இப்படி ஒன்று இருக்கிறது, உடையார்கட்டில் ஒருவரை விட்டுவிட்டு நடந்து வந்தோம், அதற்குப் பிறகு எனக்குச் சில விஷயம் வாயால் வராது என்று சொல்லிவிடு. எனக்கு இதைச் சொல்லித்தர இவ்வளவு காலம் எடுத்தது, அதுவும் ஒரு பிள்ளையின் இடுப்பு போன பிறகு.

அந்த உயரமான காரையே வாங்கு. உன் குரலில் இருந்த சோர்வு எனக்கு விளங்காமல் இல்லை. அதை ஓட்டும்போது உனக்கு ஒன்றும் தெரியாது, கைக்கு ஒன்றும் வராது, பரவாயில்லை. பிள்ளையையும் நாளைக்குப் பிறக்கப்போவதையும் அதில் ஏற்று. தையில் வரும்போது ஏ-ஒன்பதால் வவுனியாவுக்கு வாடகைக்கு ஒரு வான் பிடித்துப் போவோம். யாரோ ஓட்டட்டும். நாங்கள் பின்னுக்கு இருப்போம். கார் எங்கே என்று நீ கேட்கமாட்டாய், நானும் சொல்லத் தேவையில்லை. மிச்சத்தை இரும்புக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

நேற்று வியாழன். போனேன். நிரோஜன் யாரிடமோ வாங்கின தொலைபேசியில் ஒரு படம் காட்டினான். எங்கேயோ வெளிநாட்டில் கால் இல்லாத ஒருவர் கார் ஓட்டுகிறார். பெற்றோலும் பிரேக்கும் கையிலேயே ஒரு தடியில் இருக்கின்றன. கியர் போடத் தேவையில்லாத காரில்தான் அதைப் பூட்டலாமாம். நான் வவுனியாவில் ஏறி இறங்கி, மனதுக்குள் காறித் துப்பிவிட்டு வந்த அந்தக் கார்களில் ஒன்று. அந்தக் குடும்பம் வயலை, வளவை, எல்லாவற்றையும் கொடுத்தாலும் அதில் ஒன்றின் கதவைக்கூட வாங்க முடியாது. அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். உன்னிடம் கேட்கிறேன் என்று நினைக்காதே, கேட்கவில்லை. உன் சம்பளத்துக்கும் அது எட்டாது.

அவன் படத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டான். "ரீச்சர், உதிலை கிளச் இல்லை, கியர் இல்லை, ஸ்ரேரிங்கும் கைக்கு ஒண்டும் சொல்லாதாம். ஓடினால் எங்கட கார் ஓடின மாதிரி இருக்குமோ?"

இருக்கும் என்றேன். அதே மாதிரி இருக்கும், நான் வவுனியாவில் ஓடிப் பார்த்தேன் என்றேன்.

அம்மா